பாபிலோன் ஆற்றங்கரையில் ஒன்பதாம் வசனம்

டில்லியில் முப்பதாண்டுக் காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் ஊருக்குத் திரும்பவிருந்தார். அவருக்கு விடைகொடுக்கும் பொருட்டு, சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில், நாம் பத்துப் பதினைந்து பேர் அவருடைய உறவினர் இல்லத்தில் கூடினோம். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம் அது. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் பிற சமயத்தினர். எனினும் அயலூரில் தமிழ் கேட்கக் கூடியவர்களுக்கு அது ஒரு பொருட்டன்று. உணவுக்கு முன், வீட்டுப் பெரியவர் வேதாகமத்தைத் திறந்து 137ஆம் சங்கீதத்தை வாசிக்கலானார்.

பிறந்த மண்ணைப் பிரிந்து வாழ்வோர் அனைவருக்கும் உரிய பாட்டு அது. எருசலேமினின்று பெயர்த்துக்கொண்டு போகப்பட்ட யூதர்கள் பாபிலோன் நாட்டு ஆற்றங்கரையில் அமர்ந்து அழுகிறார்கள். தங்கள் கின்னரங்களைக் கரையோரச் செடிகளில் மாட்டிவிடுகிறார்கள். சிறைப்படுத்தியவர்களோ, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்றைப் பாடுங்கள் என்று கேலி பேசுகிறார்கள். அந்நிய நாட்டில் எவ்வாறு பாடுவது? எருசலேமை மறந்தால் வலக்கை செயலற்றுப் போகட்டும், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளட்டும் என்று பாடகன் தன்மீதே ஆணையிட்டுக்கொள்கிறான். பெரியவரின் குரல் தழுதழுத்தது. நம்முள் சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டனர். ஆறாம் வசனத்தோடு அவர் நிறுத்திவிட்டார்.

அவர் பக்கத்தில் அமர்ந்து விரலால் வரிகளைத் தொடர்ந்துவந்த பேரனுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். தாத்தா நிறுத்தியதைக் கவனியாமல் அவன் எஞ்சிய மூன்று வசனங்களையும் உரக்கப் படித்துவிட்டான். பாபிலோனின் பச்சிளங் குழந்தைகளைப் பிடித்துப் பாறையில் மோதுகிறவனைப் பாக்கியவான் என்று வாழ்த்துகிறது ஒன்பதாம் வசனம். அத்துடன் பாட்டும் முடிகிறது. அறையில் எவரும் பேசவில்லை.

“தாத்தா, இது ஏன் வேதத்தில் இருக்கிறது?” என்று கேட்டான் சிறுவன்.

“அது பழைய காலத்துச் சங்கதி, ராசா” என்று சொல்லிப் பெரியவர் புத்தகத்தை மூடினார். நாம் சாப்பிடப் போனோம்.

அந்த வினா அவ்வளவில் முடியக்கூடியதன்று. கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று வழங்கும் நூல்தொகுதி எபிரேய மொழியில் யூதர்களுக்குப் பிறந்தது. இன்றும் அவர்களுடைய வேதமே. நம் டில்லி ஹுமாயூன் சாலையில் 1956இல் எழுந்த சிறிய யூத ஜெபாலயம் ஒன்று உண்டு. அங்கே ஒலிக்கும் எபிரேயச் சங்கீதங்களையே நகரின் தமிழ்த் திருச்சபைகள் தமிழில் பாடுகின்றன. பகைவரை நேசிக்கச் சொன்ன இயேசுவின் வழி நிற்பவர்கள் அந்த ஒன்பதாம் வசனத்தை எங்ஙனம் வாசிப்பது? நாம் இறைநூல் வல்லுநர் அல்லேம். மத்திய அரசுக்காகப் பிறர் எழுதியதைத் தமிழாக்கியும், தமிழில் எழுதியதை ஆங்கிலமாக்கியும் காலம் கழிப்பவர்கள். எனவே சொல்லின் வழியாகவே இதனை அணுகுவோம்.

கடினமான பகுதி என்று நாம் மலைப்பவற்றுள் ஒரு பெரும் பங்கு வெறும் சொற்கடினமே. யோனாவின் கதையை எடுத்துக்கொள்வோம். நினிவே நகரம் அழியும் என்று அறிவித்த யோனா, அது மனந்திரும்பி அழிவினின்று தப்பியதும் கோபங்கொண்டு நகர்ப்புறத்தே உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நிழல் தர ஒரு செடி ஒரே இரவில் முளைக்கிறது. எபிரேயத்தில் அச்செடியின் பெயர் ‘கீக்காயோன்’. கிரேக்க மொழிபெயர்ப்பாளர் அதைச் சுரைக்கொடி இனமாகக் கொண்டனர். கி.பி. 400ஐ ஒட்டி இலத்தீனில் புதிதாக மொழிபெயர்த்த ஜெரோம் என்னும் அறிஞர் அதனை ‘ஐவி’ என்னும் படர்கொடியாக மாற்றினார். விளைந்த கலகத்தை அகஸ்தீன் அவருக்கு எழுதிய கடிதம் கூறுகிறது. வட ஆப்பிரிக்காவில் ஓயா என்னும் ஊரில் (அதுவே இன்றைய திரிப்போலி) ஆயர் புதிய மொழிபெயர்ப்பை வாசித்ததும் சபையார் கூச்சலிட்டனராம். தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய சுரையை யாரோ பிடுங்கிவிட்டார்கள்! ஆயர் தம் மந்தையை இழக்காமலிருக்கப் பழைய சொல்லுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. ஜெரோம் எழுதிய மறுமொழியோ சுவையானது. அந்தச் செடி அகன்ற இலையுடையது, விரைந்து வளர்வது, கொழுகொம்பு வேண்டாமல் தன் தண்டிலேயே நிற்பது. அதற்கு இலத்தீனில் பெயரில்லை. எபிரேயப் பெயரையே எழுதியிருந்தால் எவருக்கும் விளங்கியிராது என்கிறார்.

இவ்வருணனையைக் கேட்ட எந்தத் தமிழ் உழவனும் “ஆமணக்கு” என்று சொல்லிவிடுவான். நம் தமிழ் வேதாகமத்தில் இருப்பதும் அதுவே: ஆமணக்குச் செடி. எகிப்தியர் ஆமணக்கெண்ணெயைக் ‘கிக்கி’ என்றழைத்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோதோத்தசு எழுதியுள்ளார். இன்றைய ஆராய்ச்சியாளர் பலரும் கீக்காயோனை ஆமணக்கென்றே கொள்கின்றனர். ஒரு நகரத்தின் சபையையே கலக்கிய சொல் நமக்குக் கொல்லைப்புறச் செடியாக வந்து நிற்கிறது. கடவுளின் கட்டளைப்படி ஒரு புழு அரிக்க, அச்செடி பட்டுப்போகிறது. ஆமணக்கில் புழு விழுந்த கதையை நம் ஊரில் யாருக்கும் விளக்கவேண்டுவதில்லை. இந்தச் செடியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதனிடம் திரும்ப வருவோம்.

சொற்கடினங்களுள் எல்லாமே இவ்வளவு இனிதாக முடிவதில்லை. ஏசாயா 7ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் மகனைப் பெறுவாள் என்று வருகிறது. ‘அல்மா’ என்னும் அவ்வெபிரேயச் சொல் இளம்பெண்ணைக் குறிப்பது. கிரேக்க மொழிபெயர்ப்போ அதனைக் ‘கன்னி’ ஆக்கியது. மத்தேயு நற்செய்தி கிரேக்கத்தையே பின்பற்றி இயேசுவின் பிறப்போடு அதனை இணைத்தது. 1952இல் வெளிவந்த ஆங்கிலத் திருத்த மொழிபெயர்ப்பு ஏசாயாவில் ‘இளம்பெண்’ என்று போட்டவுடன் அமெரிக்காவில் ஒரு போதகர் அந்தப் பக்கத்தைக் கிழித்துத் தீயிலிட்டார். தமிழிலோ, பழைய மொழிபெயர்ப்பில் ‘கன்னிகை’ இருந்த இடத்தில், கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியம் ‘இளம்பெண்’ என்று எழுதியது. மத்தேயுவில் ‘கன்னி’ என்றே வைத்தது. இரு நூல்களும் தத்தம் மூலத்துக்கு உண்மையாயிருந்தன. இதற்கு மேல் மொழிபெயர்ப்பாளன் செய்யத்தக்கது எதுவுமில்லை என்பது நம் கருத்து.

137ஆம் சங்கீதத்தின் ஒன்பதாம் வசனம் இவ்வினத்தைச் சேர்ந்ததன்று. அதில் ஐயத்துக்கிடமான சொல் ஒன்றுகூட இல்லை. குழந்தை குழந்தைதான், பாறை பாறைதான். மேலும், ‘பாக்கியவான்’ என்று தமிழில் வரும் இடத்தில் எபிரேயத்தில் உள்ள ‘அஷ்ரே’ என்னும் சொல், முதலாம் சங்கீதத்தின் முதற்சொல்லே. தீயோரின் ஆலோசனைப்படி நடவாத நல்லவனை வாழ்த்தும் அதே சொல் இங்கே குழந்தையைக் கொல்பவனை வாழ்த்துகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் இரண்டிடத்தும் ‘பாக்கியவான்’ என்றே எழுதினர்.

அவர்கள் யார் என்பதைச் சற்று நினைவுகூர்வது தகும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் பழைய ஏற்பாட்டில் ரூத் ஆகமம் வரையில் முடித்து 1719இல் மறைந்தார். எஞ்சியதைச் சூல்ச்சே முடித்தார். பின்னர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்த பப்ரிசியுஸ் பல்லாண்டு உழைத்து முழுநூலையும் புதுக்கினார். முதுமையில் கடன்பட்டுச் சிறையிலும் இருந்தார், பாவம். 1850இல் பெர்சிவல் பாதிரியாரின் தலைமையில் யாழ்ப்பாண மொழிபெயர்ப்பு வெளிவந்தது. இன்றும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் வாசிக்கப்படும் மொழிபெயர்ப்பு 1871இல் ஹென்றி பவர் தலைமையில் அமைந்த குழுவால் உருவானது. இவர்கள் ஒவ்வொருவரும் அந்த வசனத்தின் முன் எழுதுகோலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அவ்வாறு உட்கார்வது எத்தகையது என்பதை நாம் ஓரளவு அறிவோம். ஒருமுறை, வேலையில் இறந்துபோன மகனுக்கு இழப்பீடு கிடைக்காத ஒரு தாயின் தமிழ் மனு மொழிபெயர்ப்புக்கு வந்தது. கையெழுத்துத் தெரியாத அவள் சொல்லச் சொல்ல யாரோ எழுதியது. கடைசி வரியில், என் பிள்ளையின் பணத்தைத் தடுத்தவன் பிள்ளைகள் விளங்காமற்போக என்று இருந்தது. மேலிடத்துக்குப் போகும் கோப்பு. அவ்வரியைப் பார்த்தால் மனு தள்ளப்பட்டுவிடுமோ என்று அஞ்சினோம். “மனுதாரர் மிகுந்த மனவேதனையில் உள்ளார்” என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டோம். அவளுக்கு நன்மை செய்ததாகவே அன்று எண்ணம். கோப்பில் அவள் குரல் இல்லாமற்போயிற்று என்பது வெகுகாலம் கழித்தே உறைத்தது. பவரும் அவருக்கு முன்னிருந்தோரும் அக்குற்றத்தைச் செய்யவில்லை.

குற்றம் செய்யாதவர்கள் நமக்குக் கடினத்தை விட்டுச்சென்றனர். அதனைக் கிறிஸ்தவ உலகம் பலவாறு எதிர்கொண்டிருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர், இத்தகைய சினமும் சாபமும் நிறைந்த எபிரேய வேதம் இயேசுவின் தந்தையாகிய கடவுளுடையதே அன்று என்று முழுதையும் ஒதுக்கினார். உரோமைத் திருச்சபை அவரையே ஒதுக்கியது. ஓரிகனும் அவருக்குப்பின் அகஸ்தீனும் வேறு வழி கண்டனர். பாபிலோன் என்பது பாவ உலகம். அதன் குழந்தைகள் நம்முள் அப்பொழுதே பிறந்த தீய ஆசைகள். அவை வளர்வதற்கு முன்னரே கிறிஸ்து என்னும் பாறையில் மோதி ஒழிக்க வேண்டும் என்பது அவர்கள் உரை. நம் உரையாசிரியர்களை நினைவூட்டும் நயம் இதில் உண்டு. தியானத்துக்கு ஏற்றதுதான். ஆனால் இவ்வுரையை மட்டுமே கேட்போமாயின், ஆற்றங்கரையில் அழுத மனிதர்கள் மறைந்து, அவர்கள் இழந்த ஊரும் ஓர் உவமையாய்த் தேய்ந்துவிடும். 1971இல் கத்தோலிக்கத் திருச்சபை, குருமாரும் துறவியரும் நாள்தோறும் ஓதும் வேண்டுதல் நூலைப் புதுக்கியபோது, மூன்று சாபச் சங்கீதங்களை முற்றிலும் விடுத்து, இந்தச் சங்கீதத்திலும் இறுதி வசனங்களை நீக்கியது. பொது வேண்டுதலுக்கு அது தக்க ஏற்பாடாகலாம். நம் பெரியவர் செய்ததும் அதுவே. ஆயினும் புத்தகத்தில் வசனம் இருக்கும்வரை ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுவன் அதைப் படித்தே தீருவான்.

சிறுவன் மட்டுமோ? பெர்சிவலுக்குத் துணையாக ஆண்டுக்கணக்கில் வேதாகமத் தமிழைச் செப்பனிட்ட இளைஞர் யாழ்ப்பாணத்துச் சைவர்; அவரே ஆறுமுக நாவலர். 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ எழுதியபோது, சைவ வழிபாட்டைப் பழித்த கிறிஸ்தவர்களுக்கு அவர்களுடைய வேதத்தினின்றே பலி, தூபம், தீபம், சுத்திச் சடங்குகளை எடுத்துக்காட்டி விடையிறுத்தார். தம் நூலின் கடினமான இடங்களைத் தாவிச் செல்பவர்களுக்குப் பிறர் அவற்றை வாசித்துக் காட்டுவர். அன்றைய கிறிஸ்தவர்களுக்கு அது கசந்திருக்கும்.

எனவே பாட்டு எழுந்த இடத்துக்கே போவோம். கி.மு. 586இல் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை நெடுநாள் முற்றுகையிட்டுப் பிடித்து, ஆலயத்தைக் கொளுத்தியது. அண்டை நாட்டு ஏதோமியர் பக்கத்தில் நின்று, அடித்தளம் வரையில் இடியுங்கள் என்று ஊக்கினர் என்பதே சங்கீதத்தின் ஏழாம் வசனம். அரசன் சிதேக்கியாவின் கண்ணெதிரே அவன் மைந்தர்களைக் கொன்று, அதன் பின்னர் அவன் கண்களைக் குருடாக்கினார்கள். அவன் கடைசியாகக் கண்ட காட்சி அதுவாயிற்று. தெருவில் பசியால் சுருண்டு விழுந்த குழந்தைகளைப் புலம்பல் என்னும் நூல் கூறுகிறது. நீ எங்களுக்குச் செய்தபடியே உனக்கும் என்று எட்டாம் வசனம் சொல்லும்போது, ஒன்பதாம் வசனத்தின் குழந்தைகளுக்கு முன்னே வேறு குழந்தைகள் கிடப்பதைக் காண்கிறோம். இருபதாம் நூற்றாண்டில் சி. எஸ். லூயிஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1958இல் சங்கீதங்களைப் பற்றி எழுதிய நூலில், ஒருவனுக்குத் தீங்கிழைப்பவன் அவன் உள்ளத்தில் இத்தகைய வெறுப்பையும் விதைக்கிறான், அதற்கும் அவன் பொறுப்பாளி என்னும் கருத்தை வற்புறுத்துகிறார். சாபம் நியாயமாகிவிடவில்லை, அது எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. 1947இல் வீடிழந்து வந்தவர்களால் பெருகிய இந்த டில்லியில் இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழர்க்கு இங்கே கண்ணகி நினைவுக்கு வராமலிரார். கணவனை அநியாயமாக இழந்தவள் அவள். மதுரையை எரிக்கத் துணிந்தவள். ஆனால் தீக்கடவுளுக்கு அவள் இட்ட ஆணையில் ஒரு விலக்கு உண்டு. அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர் என்று அவள் விலக்கச் சொன்ன வரிசையில் குழந்தைகளும் உள்ளனர். பாபிலோன் ஆற்றங்கரைப் பாடகன் அவ்விலக்கைத் தரவில்லை. சிலப்பதிகாரம் கேட்டு வளர்ந்த செவிக்கு ஒன்பதாம் வசனம் பிறரைவிடச் சற்று அதிகமாகவே வலிக்கும் என்று நாம் எண்ணுகிறோம். வலிக்கட்டும்.

அதே எபிரேய வேதத்துக்குள்ளேயே அவ்விலக்கைத் தந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் பலர் கவனியாதது. ஆசகேல் என்பவன் பின்னர் இஸ்ரவேலின் குழந்தைகளைத் தரையில் மோதுவான் என்பதை முன்னறிந்த எலிசா தீர்க்கதரிசி, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுதுவிடுகிறார். இப்பொழுது யோனாவின் ஆமணக்கிடம் திரும்புவோம். நினிவே சாதாரண ஊரன்று. கி.மு. 722ஐ ஒட்டி வட இஸ்ரவேலின் தலைநகரை அழித்த அசீரியப் பேரரசின் மாநகர். யூதரின் செவிக்குப் பாபிலோனைப் போன்றே கொடிய பெயர். பட்டுப்போன ஆமணக்குக்காக வருந்தும் யோனாவைக் கடவுள் கேட்கிறார்: நீ நடாத செடிக்காக நீ இரங்கும்போது, வலக்கை இடக்கை அறியாத ஒரு லட்சத்து இருபதினாயிரம் பேர் வாழும் இந்நகரத்துக்காக நான் இரங்கலாகாதா? வலமிடம் அறியாதவர் என்பதைச் சிறு குழந்தைகள் என்றே உரையாசிரியர் பலர் கொண்டனர். கால்நடைகளையும் அவ்விரக்கத்தில் சேர்த்துக்கொண்டு நூல் முடிகிறது. யோனாவின் விடை எழுதப்படவில்லை.

மேலும் ஒரு கடிதம் உண்டு. கி.மு. 597இல் முதன்முறையாகப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து எழுதியது அது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியை உண்ணுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், நீங்கள் போய்ச்சேர்ந்த நகரத்தின் நலத்தை நாடி அதற்காக வேண்டுதல் செய்யுங்கள் என்று எழுதுகிறார். பகைவனுடைய நகருக்காக வேண்டுதல்! அயல் மாநிலங்களில் குடியேறி, ரேஷன் அட்டையும் பிள்ளைகளின் பள்ளியும் அங்கேயே ஆகிவிட்ட நாம் இக்கடிதத்தை ஏனோ 137ஆம் சங்கீதத்தைப் போல விரும்பிப் படிப்பதில்லை. அழுகைப் பாட்டுக்கு உள்ள இனிமை தோட்டம் போடச் சொல்லும் கடிதத்துக்கு இல்லை போலும். கி.மு. 539இல் கோரேசு மன்னனின் படை பாபிலோன் நகருக்குள் போரின்றியே புகுந்தது என்று அக்காலத்துக் களிமண் ஏடுகள் கூறுகின்றன. பாடகன் வேண்டியது அன்று அவ்வாறு நிறைவேறவில்லை. யூதர்களுக்கு ஊர் திரும்பும் உரிமை மட்டும் வந்தது. அப்பொழுதும் பலர் திரும்பாமல் பாபிலோனிலேயே தங்கிவிட்டனர்.

ஆக, சாபமும் இரக்கமும் ஒரே நூலில் இருக்கின்றன. ஒன்று மற்றதை அழித்துவிடவில்லை. கிறிஸ்தவர் தம் ஆண்டவர் எக்குரலின் பக்கம் நின்றார் என்பதை அறிவர். அதனால் மற்றக் குரலை வேதத்தினின்று நீக்க அவர்களுக்கு உரிமை கிடைத்துவிடவில்லை என்றே மார்சியனை ஒதுக்கியவர்கள் கருதினர்.

இறுதியாக மொழிபெயர்ப்பாளனின் கண்ணுக்கு மட்டுமே படக்கூடிய ஒரு சிறு செய்தி. அச்சங்கீதத்தின் எபிரேயத்தில் தன்மைப் பன்மையைக் குறிக்கும் ‘நூ’ என்னும் ஈறு முதல் வசனங்களில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அழுகையின் முனகலே போலிருக்கும். ஆனால் எபிரேயத்துக்கு ‘நாம்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் வேறுபாடு கிடையாது. தமிழுக்கு உண்டு. எனவே தமிழாக்கியவர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். ‘நாம் உட்கார்ந்து அழுதோம்’ என்றால் வாசிப்பவரும் அக்கூட்டத்தில் ஒருவர். சாபத்திலும் அவருக்குப் பங்குண்டு. தமிழ் வேதாகமம் ‘நாங்கள்’ என்றது. அங்கே இல்லாத ஒருவரைப் பார்த்து, நடந்ததை அவர்கள் சொல்கிறார்கள். நாம் கேட்கிறோம். கேட்பவனுக்கு அழுகையைக் கேட்கும் கடமையுண்டு. சாபத்தைத் தன் வாயில் எடுத்துக்கொள்ளும் உரிமை இல்லை. அந்த ‘நாங்கள்’ ஆழ்ந்து எண்ணி இடப்பட்டதோ, இயல்பாக வந்து விழுந்ததோ, அதைவிடச் சரியான சொல் அவ்விடத்துக்கு இல்லை.

இதனை அப்பெரியவரிடம் ஒருநாள் சொன்னோம். அவர் மறுமொழி ஏதும் கூறவில்லை. சென்ற ஆண்டு வேறொரு குடும்பம் ஊருக்குப் புறப்பட்டபோது மீண்டும் அவ்வீட்டில் கூடினோம். தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டபடியால், இப்பொழுது அவரைவிட உயரமாய் வளர்ந்துவிட்ட பேரன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டான். பெரியவர் ஒன்பது வசனங்களையும் வாசித்தார். சற்று நேரம் சும்மா இருந்துவிட்டு, “எரேமியா இருபத்தொன்பதை எடு, ராசா” என்றார்.